பின்படியில் எத்தனை கால்

ஓட்டலுக்குக் கொடுக்கச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். ஆறு கிலோ. பதினோரு மணி மினி பஸ்ஸுக்குள் முடிக்க வேண்டும். நடுநடுவே கையைத் துடைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நோட்டில் வெங்காய வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த பஸ்ஸில் நடந்ததுதான்.

"அம்மிணி, இந்த ரைட்டுங்கறதுக்கு என்னதானுங்க அர்த்தம்?"

கேட்டவர் ராயப்பன் அண்ணன். ஐம்பத்திரண்டு வயது. மில் மூடி எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, கண்டக்டர் வேலைக்குப் புதிதாக வந்திருந்தார்.

அவருக்குச் சொல்லித்தர வேண்டியவள் தெய்வானை. இருபத்தெட்டு வயது. ஆறு வருடமாக அந்த வண்டிக்குக் கண்டக்டர். பஸ் முதலாளியின் இன்னொரு வண்டிக்கு மாறிப் போக இருந்தாள்.

சனிக்கிழமை முதலாளி வந்து பார்ப்பார். பிடித்தால் அண்ணனுக்கு வேலை. இல்லாவிட்டால் மறுபடியும் வீடுதான்.

"ஆறு வருசமா கத்தறீங்களே, தெரியாதுங்களா?"

"நீங்க சொல்லுங்கண்ணா, கேக்கலாம்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். மகள் அகராதி பார்த்து எழுதிக் கொடுத்தது.

"வலது கைன்னு ஒண்ணு. சரின்னு ஒண்ணு. நியாயம், உரிமை. சாஞ்சதை நிமித்தி வெக்கறதும் அதானாம். நம்ம வண்டியில அது 'போலாம்'. ஒரு வார்த்தைக்குள்ள இத்தனை பேரு குடியிருக்காங்க. நான் கத்துனா யாரு எந்திரிச்சு வருவாங்கன்னு பயமா இருக்குதுங்க."

தெய்வானை சிரிக்கவில்லை. காகிதத்தை வாங்கி மடித்து டிக்கெட் பையில் போட்டுக்கொண்டாள்.

"சனிக்கிழமை வரைக்கும் அந்த வார்த்தையை நீங்க சொல்லவே வேண்டாம்."

"அப்புறம் என்ன செய்யறது?"

"பின்படிக்கிட்ட நில்லுங்க. ஒவ்வொரு ஸ்டாப்புலயும் கீழ எத்தனை கால் இருக்குதுன்னு சொல்லுங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

திங்கள், செவ்வாய், புதன். அவர் குனிந்து குனிந்து கால் எண்ணினார்.

"மூணு காலுங்க அம்மிணி... ஒண்ணு... இல்லீங்க."

இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் தெய்வானை 'ரைட்' என்பாள்.

காலேஜ் பிள்ளைகள் அவரைக் கிண்டலடித்தார்கள்.

"என்னங்ணா, ஆட்டுச் சந்தைக்கா போறீங்க?"

"ரெண்டு கால் ஆடும் இருக்குது கண்ணு. மேல ஏறு."

வியாழக்கிழமை அவருக்கே சலித்துவிட்டது.

"வார்த்தையைக் கேட்டா காலைக் காட்டறீங்களே!"

தெய்வானை டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"கீழ எத்தனைங்ணா?"

சனிக்கிழமை முதலாளி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ராயப்பன் அண்ணன்தான் 'ரைட்' சொல்ல வேண்டும்.

பின்னாலேயே வேறு முதலாளியின் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அது முந்திவிட்டால் அடுத்த ஸ்டாப்பு ஆளெல்லாம் அதற்குத்தான்.

எங்கள் ஸ்டாப்பில் கடைசியாக ஏறியது நான். இடுப்பில் பாப்பா, கையில் வெங்காயப் பை. ஒரு கால் படியில் வைத்துவிட்டேன். இன்னொரு காலின் செருப்பு மழைச் சேற்றில் மாட்டிக்கொண்டது.

'இருங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் வராது. அன்றைக்கும் வரவில்லை.

"ரைட் சொல்லுய்யா!" முதலாளி கத்தினார்.

அண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். குனிந்தார்.

"ஒண்ணு இருக்குதுங்க."

"என்னய்யா ஒண்ணு? அவன் முந்தறான் பாரு!"

"ஒரு கால் இன்னும் கீழ இருக்குதுங்க முதலாளி."

அந்த வண்டி எங்களை உரசுகிற மாதிரி முந்திப் போனது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

அண்ணன் முகம் செத்துப்போயிருந்தது. ஆனாலும் என் வெங்காயப் பையை வாங்கினார். பாப்பாவை வாங்கினார். நான் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு ஏறினேன்.

அவர் மறுபடியும் கீழே பார்த்தார். பிறகுதான் சொன்னார். சத்தமாகக்கூட இல்லை.

"ரைட்."

வண்டி நகர்ந்தது.

தெய்வானை டிக்கெட் பையைத் துழாவி அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். கூடவே பேனாவையும்.

"விட்டுப்போன அர்த்தம் ஏதாச்சும் இருந்தா எழுதிக்குங்கண்ணா."

அவர் பேனாவை வாங்கவில்லை. காகிதத்தை மட்டும் வாங்கி, வியர்த்திருந்த பாப்பாவுக்கு விசிறினார்.

அவருக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள்.

இதோ, தெரு முக்கில் ஹாரன்.

"வெங்காயத்து அம்மிணி! ஓடாதீங்க, பாப்பாவைப் புடிச்சு மெதுவா வாங்க. நான் இன்னும் சொல்லலை!"

அவர் குரல்தான். நானும்தான் இன்னும் சொல்லவில்லை, ஒரு நன்றி. மூன்று மாதமாகத் தினமும் டிக்கெட் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்கிறேன். இன்றைக்காவது ஏறினதும் அவரிடம் வாயைத் திறந்து—