வர்ற வண்டி

“இருக்கிற வண்டியையே வெச்சு ஓட்டட்டுங்களா அம்மணி, இல்ல, அடுத்து வர்ற மாடலுக்குக் காத்திருக்கட்டுங்களா?”

அம்மணி மாட்டுத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தேங்காய் நாரைப் பிடித்திருந்த கை நின்றது.

“அடுத்த மாடல் எப்ப வருது?”

“வந்துடுச்சுங்க. போன மாசமே வந்துடுச்சு.”

“அப்புறம் எதுக்குக் காத்திருக்கணும்?”

குழந்தைசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

“அதுக்கும் அடுத்தது வரட்டும்னுங்க” என்றார்.

அம்மணி அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி தொட்டியைத் தேய்க்கத் தொடங்கினார்.

*

உடுமலைக்குத் தெற்கே, வாய்க்கால் கரையில், ஒரு கொட்டகையும் நான்கு மாடுகளும் மட்டும் உள்ள இடம் அது. பன்னிரண்டு வருடம் முன்பு எங்கிருந்தோ ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து தங்கியவர் அம்மணி. போதனை எதுவும் செய்ததில்லை. ஆனாலும் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். கேட்டால் பதில் வரும். பல நாள் அதுவும் வராது.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. தன்னைவிட வயதில் சின்னப் பெண்களை அம்மணி என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். குழந்தைசாமியும் முதல் நாள் அப்படித்தான் கூப்பிட்டார். பிறகு காலில் விழுந்து கும்பிடும் அளவுக்கு ஆனபோதும் கூப்பிடுவது மட்டும் மாறவில்லை.

சீடருக்கு அறுபத்தொரு வயது. குருவுக்கு நாற்பத்து மூன்று.

குழந்தைசாமிக்கு நாற்றுப் பண்ணை. தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளைக் குழித்தட்டுகளில் வளர்த்து, தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் இறக்குவது தொழில். அதற்காக வாங்கியது அந்த பிக்கப். வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம் அவர் ஓட்டினார். அதற்கப்புறம் மகன் தீபன் சாவியை வாங்கிக்கொண்டான். எட்டு வருடம் அவன்தான் ஓட்டினான்.

காத்திருக்கலாம் என்று சொன்னவனும் அவன்தான்.

“இப்ப வாங்கினா ஏமாந்துடுவோம்ப்பா. அடுத்த வருஷம் முழுசா மாத்தி விடறாங்க. முன்பக்கம், சீட்டு, பாடி நீளம், எல்லாமே வேற.”

சாப்பிட்டு முடித்ததும் போனில் படம் காட்டுவான். ஒரு நடைக்கு எத்தனை தட்டு அடுக்கலாம் என்று விரலை நீட்டி மடக்கிக் கணக்குப் போடுவான். குழந்தைசாமி ஏதாவது சந்தேகம் கேட்பார். தெரிந்ததையே தெரியாததுபோலக் கேட்பார். மகனோடு அத்தனை நேரம் அவர் வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை.

அடுத்த வருடம் அந்த மாடல் வரவில்லை. அதற்கடுத்த வருடம் என்றார்கள். இருவரும் காத்திருந்தார்கள்.

புதுசு வரும்வரைதானே என்று பழசில் எதையும் சரிசெய்யவில்லை. சைலன்சர் கழன்றபோது தீபன் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டினான். பின்கதவுக் கொக்கி உடைந்ததும் சங்கிலி போட்டான். இரண்டாவது கியருக்கு இறங்கும்போது வண்டி ஒரு தரம் கத்தும். அதை அப்படியே விட்டுவிட்டான்.

ஐப்பசியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறாம் நாள் அவன் இல்லை. இருபத்தேழு வயது. பெண் பார்க்கத் தொடங்கியிருந்த நேரம்.

மாசியில் புது மாடல் வந்தது.

*

அம்மணி தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“பழசு ஓடுதுங்களா?”

“ஓடுதுங்க. போன வாரம் கணியூர் போற வழியில நின்னுடுச்சு. ஆள் வந்து பார்க்கறதுக்குள்ள எண்பது தட்டு நாத்து வெயில்ல சுருண்டு போச்சு. தோட்டக்காரரு நடவுக்கு ஆளுகளைக் கூட்டி நிறுத்திட்டுக் காத்துட்டு இருந்தாருங்க. ஒண்ணும் சொல்லல. முகத்தைப் பார்த்துட்டு விட்டுட்டாரு.”

“வீட்டுல அவங்க என்ன சொல்றாங்க?”

“மயிலாத்தாளுங்களா? வித்துடுங்கறா. புதுசு வாங்குங்க, வாங்காமப் போங்க, இதை முதல்ல வித்துடுங்கன்னு.”

“ஏனாம்?”

“கேக்கலைங்க.”

“கேட்டுட்டு வாங்க.”

அவ்வளவுதான். அம்மணி எழுந்து மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

*

அடுத்த வியாழக்கிழமை குழந்தைசாமி வண்டியில் வந்தார்.

“கேட்டனுங்க.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலைங்க. அடுப்படிக்குப் போயிட்டா.”

 பிறகு தானாகவே சொன்னார்.

“எனக்குத் தெரியுமுங்க. அவன் நெனப்பே வேண்டாங்கறா. அவன் துணிமணியெல்லாம் எடுத்துக் கொடுத்துட்டா. வண்டி ஒண்ணுதான் மிச்சம். அதையும் துடைச்சுட்டா அவளுக்கு நிம்மதி. அஞ்சு மாசமா எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு சரியா இல்லீங்க.”

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. காது மந்தமானதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

“தீபன் சார்ங்களா?” ஒரு பெண் குரல்.

“நான் அவங்கப்பா பேசறனுங்க. அவன் வெளிய போயிருக்கான்.”

“ஷோரூம்ல இருந்து பேசறோம் சார். சார் கேட்டிருந்த புது மாடல் வந்திருக்கு. ஒரு தரம் வந்து ஓட்டிப் பார்த்தா…”

“இல்லீங்க. அதுக்கு அடுத்தது வரட்டும்னு இருக்கறானுங்க.”

அந்தப் பக்கம் ஒரு சிறு சிரிப்பு.

“அடுத்தது வர அஞ்சாறு வருஷம் ஆகும் சார்.”

“பரவால்லீங்க. காத்துட்டு இருப்பான்.”

போனை வைத்தார். 

“பொய் சொல்லிட்டனுங்க அம்மணி.”

“எது பொய்?”

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“காத்துட்டு இருக்கறது யாரு?” என்று அம்மணி கேட்டார்.

“நானுங்க.”

“எதுக்கு?”

வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. குழந்தைசாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புது வண்டியை வாங்கிட்டா அவன் காத்திருந்தது முடிஞ்சு போயிருமுங்க. வாங்காத வரைக்கும் அவனும் நானும் காத்துட்டு இருக்கறோம்.”

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குள்ளேகூட இப்படி வரிசையாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

அம்மணி ஆறுதல் சொல்லவில்லை.

“நாத்து இறக்கிட்டு எத்தனை மணிக்கு வீட்டுக்குத் திரும்புவீங்க?”

“ரெண்டு, ரெண்டரை ஆகுமுங்க.”

“அப்ப வீட்டுல அவங்க எங்க இருப்பாங்க?”

“வாசல் கேட்டுக்கிட்ட நிப்பாளுங்க. தூரத்துல இருந்தே தெரியும். வண்டி கிட்ட வந்ததும், என்னைப் பார்த்துட்டு விருட்டுனு உள்ள போயிருவா. தினமும் அதே கதைதானுங்க. என் மூஞ்சியைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கல.”

“கேட்டுக்கு எப்ப வருவாங்க?”

“அது எனக்கெப்படிங்க தெரியும்? நான் வண்டிக்குள்ள இருக்கறனே.”

அம்மணி கையை நீட்டினார்.

“சாவியைக் கொடுங்க.”

“எதுக்குங்க?”

“நீங்க பஸ்ல வீட்டுக்குப் போங்க. போய் உள்ள உட்காருங்க. ரெண்டு மணி வாக்குல வண்டியை நான் கொண்டு வர்றேன்.”

“உங்களுக்கு ஓட்டத் தெரியுங்களா?”

“தெரியாமலா சாவி கேக்கறேன்?”

குழந்தைசாமி சாவியைக் கொடுத்தார். குரு கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர் இரண்டு மூன்று தரம் திரும்பிப் பார்த்தார். வண்டி எங்கோ போய்விடுமோ என்பதுபோல இருந்தது.

*

மயிலாத்தாள் நடு வீட்டில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். வெறுங்கையோடு நடந்து வந்த கணவனைப் பார்த்தாள்.

“வண்டி எங்கே?”

“அம்மணி எடுத்துட்டு வர்றாங்க.”

“அவங்க எதுக்கு?”

“தெரியல. என்னை உள்ள உட்காரச் சொன்னாங்க.”

அவள் மறுபடி மொச்சையை எடுத்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றியது. உரித்த தோல் ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமுமாக விழுந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில் அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து மாதக் கணக்காகிவிட்டது. மனைவி இளைத்துப்போயிருப்பதை அன்றுதான் கவனித்தார். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

ஏதாவது பேசலாம் என்று நினைத்தார். 

மணி இரண்டைத் தாண்டியது.

மயிலாத்தாளின் கை நின்றது.

அவருக்கு எதுவும் கேட்கவில்லை. “என்ன?” என்றார்.

அவள் வாசலைப் பார்த்தாள். முறத்தைத் தள்ளி வைத்தாள்.

பிறகு அவருக்கும் கேட்டது. தூரத்தில் சங்கிலி தகரத்தில் அடிக்கிற சத்தம். கட்டிய சைலன்சரின் கரகரப்பு. வாய்க்கால் பாலத்துக்கு முந்தின வளைவில் வண்டி இரண்டாவது கியருக்கு இறங்கி ஒரு தரம் கத்தியது.

குழந்தைசாமி எழுந்தார். எழுந்தது அவருக்குத் தெரியாது. செருப்புப் போடவில்லை. வெயிலில் கொதித்த வாசல் சிமெண்டுத் தரையைத் தாண்டிப் போய் கேட்டின் தாழ்ப்பாளைத் தூக்கினார். ஒரு கதவைத் திறந்து ஓரமாகத் தள்ளினார். இன்னொன்றையும் தள்ளினார்.

“தீபா, எத்தனை தட்டு மிச்சம்?” என்றார்.

எட்டு வருடம் அவர் தினமும் மகனைக் கேட்ட கேள்வி அது.

தன் குரல் காதில் விழுந்த பிறகுதான் நின்றார்.

அவன் ஓட்டியபோது இந்தச் சத்தத்தை இந்த இடத்திலிருந்து கேட்டவர் அவர். அவன் போனதிலிருந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரும் அவரே. அதற்கப்புறம் வெளியில் நின்று ஒரு நாளும் கேட்டதில்லை.

வண்டியில் வருவது யார் என்று அவருக்குத் தெரியும். சாவியைக் கொடுத்ததே அவர்தான். தெரிந்தும் அவர் கண் சாலையை விட்டு நகரவில்லை. வளைவின் புளியமரத்துக்குப் பின்னால் வெள்ளை முகப்பு ஒன்று தெரிந்து தெரிந்து மறைந்தது. இந்தத் தூரத்தில் அது யார் வேண்டுமானாலும் ஓட்டி வருகிற வண்டியாக இருக்கலாம்.

மயிலாத்தாள் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

“இதுக்குத்தான் விக்கச் சொன்னியா?” என்று திரும்பாமலே கேட்டார்.

“ம்.”

“தினமுமா?”

“தினமுந்தான்.”

“அடக் கடவுளே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மயிலா.”

“சொன்னா நீங்க வண்டியை எடுக்க மாட்டீங்க. நாத்து என்ன ஆகறது?”

வண்டி பாலத்தில் ஏறியது. மயிலாத்தாள் அவர் முழங்கையைப் பிடித்தாள். ஐந்து மாதத்தில் அவள் அவரைத் தொட்டது அதுதான் முதல் தரம்.

“வாங்க, உள்ள போயிரலாம்” என்றாள். “இன்னும் கிட்ட வந்துட்டா முன்கண்ணாடியில வேற முகம் தெரிஞ்சுரும். அதுக்குள்ள போயிரணும்.”