பூட்டிய பெட்டியில் நானூறு மூட்டை உப்பு

டங். டங். டங்.

சத்தம் துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டிலிருந்து வந்தது. மாடியில் சரக்குச் சீட்டு எழுதுகிறவர்கள் தலை நிமிர்ந்தார்கள். யாரோ இரும்புப் பெட்டியைத் தட்டிவிட்டு, உள்ளேயிருந்து பதில் வரும் என்பதுபோல் காத்திருந்து, மறுபடி தட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் கோமதிநாயகம் மாடியேறி வந்தார். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் அரிசிக் கிடங்கில், மூட்டைக்குள் குத்தூசி விட்டுத் தரம் பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு மாதமாக இங்கே சீட்டு எழுதக் கற்றுக்கொள்கிறார். குரு செலினுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு வேலை நிரந்தரமா, இல்லையா என்று செலின் அன்று மாலை சொல்லவேண்டும்.

அவர் நீட்டிய சீட்டைச் செலின் வாசித்தார்.

'உப்பு, நானூறு மூட்டை. நான் பார்க்கவில்லை. தட்டியதில் உப்பு போலத்தான் கேட்டது. லாரி டிரைவர் நல்லவராகத் தெரிகிறார்.'

"அண்ணாச்சி, இந்தச் சீட்டப் பாத்துத்தான் பேங்க்ல சரக்குக்குப் பணம் குடுப்பான். இதை ஏத்துக்கிடுவானா?"

"உள்ளதைத்தானே மேடம் எழுதியிருக்கேன்."

"உப்பு எப்படி சத்தம் போடும்?"

"உள்ளேயிருந்து சத்தமே வரல. அதை வச்சுத்தான் உப்புன்னு முடிவு பண்ணேன்."

செலின் அதை அடித்துவிட்டு எழுதினார்: 'நானூறு மூட்டை உப்பு உள்ளிருப்பதாக அனுப்புகிறவர் சொல்கிறார்.' கீழே பூட்டின் எண்.

"அவரு பொய் சொன்னா?"

"அவரு பேருதான் முதல் வரியிலயே இருக்கே."

"அப்ப நாம எதுக்குத்தான் சாட்சி?"

"பூட்டுக்கு. இங்க எப்படி இருந்துச்சோ, இறக்குற எடத்துலயும் அப்படியே இருக்கணும்."

கோமதிநாயகத்துக்கு மனசு ஆறவில்லை.

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாம ஒண்ணை எப்படி மேடம் ஏத்துக்கிடுதது?"

செலின் மேசை டிராயரைத் திறந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்தார். கோமதிநாயகத்தின் கையெழுத்து.

"'கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும்'னு எழுதியிருக்கீய."

கோமதிநாயகம் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஒத்த விரல்லதான் தட்டுவீயன்னு நீங்க வந்த மறுநாளே தெரிஞ்சுபோச்சு. பெட்டியத் திருப்பியா அனுப்பிட்டேன்?"

செலின் விண்ணப்பத்தை டிராயருக்குள் வைத்து மூடினார்.

"வேலை நிரந்தரம். நாளையிலேருந்து ஒம்பது மணிக்கு வந்துருங்க. இப்ப மணி நாலு. சீட்டு அஞ்சுக்குள்ள கப்பல் கம்பெனிக்குப் போகணும்."

கோமதிநாயகம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலை நீட்டி, முதல் எழுத்தைத் தேடத் தொடங்கினார்.