உடைமுள்ளில் கட்டிய ஆடு

“அப்படி என்னதான் குறை கண்டிய, அண்ணாவியாரே?” என்று பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார் சந்தியாகு.

மாதா கோயில் திருநாளில் போடும் வாசாப்பு நாடகத்தில் பதினோரு வருசமாக அவர்தான் ஆபிரகாம். நாடகம் சொல்லிக்கொடுக்கும் அண்ணாவி தொம்மை, அவர் மனைவியின் தம்பி. பன்னிரண்டு வயது இளையவன். வீட்டில் மச்சினன்தான், தாளத்தைக் கையில் எடுத்துவிட்டால் குரு. ஒரு சொல் கூடுதலாக வராது அந்த வாயிலிருந்து.

ஏழு நாளாக ஒத்திகை ஒரே இடத்தில் நின்றது. ஆண்டவர் கேட்டபடி மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தி ஆபிரகாம் கத்தியை ஓங்குவார். உடனே தொம்மை தாளத்தைக் கீழே வைத்துவிடுவான். மறுபடியும் முதலிலிருந்து.

“பாட்டு பிசகுதா?”

“இல்ல.”

“கை நடுங்குதா?”

“நடுங்கல, அத்தான். நீங்க ஆட்டப் பாக்கிறிய.”

சந்தியாகு மேடையின் வலது ஓரத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஓர் உடைமுள் கிளை நட்டிருந்தது. வானதூதர் தடுத்ததும், பிள்ளைக்குப் பதிலாகப் பலியிடும் ஆட்டை அதில்தான் கட்டுவார்கள்.

“அங்கனதான கட்டுவிய?”

“அது ஆபிரகாமுக்குத் தெரியுமா?”

தொம்மை தாளத்தை மறுபடியும் கையில் எடுத்தான்.

இந்த வருசம் ஈசாக்கு, சந்தியாகின் மகள் பிலோமி. ஒரே பிள்ளை. நாடகம் முடிந்த கையோடு முதல் பஸ்ஸில் கன்னியர் மடத்துக்குப் போகிறாள். போகுமுன் ஒருதரம் மேடையேறட்டும் என்று தொம்மை சொல்லிவிட்டான்.

மடத்தில் தகப்பனின் சம்மதக் கடிதம் கேட்டிருந்தார்கள். சந்தியாகு எழுதினார். ‘என் மகளை முழு மனதோடு ஆண்டவருக்குக் கொடுக்கிறேன்.’ அதோடு நிறுத்தவில்லை. கீழே இன்னும் மூன்று வரி. பிள்ளைக்கு ஒத்துவராவிட்டால் உடனே சொல்லி அனுப்பவும், அவள் கட்டிலை அப்படியே போட்டு வைத்திருக்கிறேன், நானே வந்து கூட்டிக்கொள்கிறேன்.

மூன்று மாதத்தில் வந்துவிடுவாள் என்ற நினைப்பில்தான் அவருக்குச் சோறு இறங்கியது.

தொம்மை அந்தக் கடிதத்தைப் படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

திருநாள் ராத்திரி தொடங்கிய நாடகத்தில் ஆபிரகாம் கட்டம் விடியும் நேரத்துக்குத்தான் வந்தது. ஊர் முக்கால்வாசி மணலில் உறங்கிக் கிடந்தது. கடல் பக்கமிருந்து மூட்டம் எழும்பி மேடை வரைக்கும் வந்தது. விளக்குகள் வெளுத்துப் போயிருந்தன.

சந்தியாகு பாடி முடித்தார். கத்தியை ஓங்கினார்.

வானதூதருக்குக் குரல் கொடுப்பவன் தொம்மை. குரல் வரவில்லை.

பிலோமி கண்ணை மூடியிருந்தாள். சின்னதில் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது மூடிக்கொள்வாளே, அதே மாதிரி. பயமே இல்லாத முகம்.

மூட்டத்தில் சனம் மறைந்தது. பந்தல் மறைந்தது. அலைச்சத்தம்கூட எங்கேயோ தள்ளிப் போய்விட்டது. இது என் பிள்ளை என்று நினைத்தார். தந்தவர் ஆண்டவரல்லவா என்றும் நினைத்தார். நெஞ்சு அறுந்தது. தாடி நனைந்தது. ஒரு குரல் வர வேண்டியிருக்கிறது என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

எவ்வளவு நேரமோ.

“ஆபிரகாமே, கையை நிறுத்தும்” என்று பின்னாலிருந்து பாட்டு எழுந்தது.

திரும்பினார். முள் கிளை மட்டும் நின்றது. மத்தளக்காரர் எப்படியோ சமாளித்துத் திரையை இறக்க வைத்தார்.

“ஆடு எங்க?” என்றார் சந்தியாகு, திரைக்குப் பின்னால்.

“கட்டவே இல்லையே, அத்தான்.”

“எப்பலேருந்து?”

“முதல்லேருந்தே அங்க வெறும் முள்ளுதான். இன்னைக்கு நீங்க பாக்கல.”

கோயில் முக்கில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. பிலோமி பையோடு வந்து நின்றாள். காதோரம் அரிதாரம் சரியாகப் போகவில்லை. சந்தியாகு தன் துண்டால் துடைத்துவிட்டார். பிறகு அவளிடமிருந்த கடிதத்தைக் கேட்டு வாங்கி, பிரித்து, கீழே இருந்த மூன்று வரியையும் ஒருதரம் படித்தார்.

“யாராச்சும் ஒரு பேனா குடுங்களேன்” என்றார்.