பதினொன்றாம் கட்டிலின் சத்தியம்

பயந்துபோன மனிதர்கள் என்ன வேண்டுமானாலும் செய்வார்கள். ஆஸ்பத்திரியில் கேட்கவே வேண்டாம். அப்படிப் பயந்த இரண்டு பெண்களின் கதை இது. முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கப்போகிறேன். அதனால் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதைக் கொஞ்சம் கவனமாகவே கேட்டு வையுங்கள்.

தெற்கே ஓர் ஊரில் ஓர் அரசு ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டில் பதினொன்றாம் கட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தது. பன்னிரண்டாம் கட்டிலுக்கு மேலிருந்த விசிறி சித்திரை பிறந்ததிலிருந்து சுற்றவில்லை. பதினொன்றில் இருந்தவள் சண்முகவடிவு. உடம்பில் ரத்தம் குறைந்துபோய், காற்று பட்டாலே நடுங்கினாள். பன்னிரண்டில் செல்லக்கனி. பித்தப்பையை எடுத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வேர்வையில் தையல் போட்ட இடம் பிடுங்கி எடுத்தது. ஒருத்திக்குக் காற்று வேண்டாம், மற்றவளுக்குக் காற்று இல்லை. ஒரு நாள் காலையில் டாக்டர் வந்துபோனதும் இருவரும் பேசிவைத்து இடம் மாறிப் படுத்துக்கொண்டார்கள். கட்டில் கம்பியில் தொங்கிய சீட்டுகளை மாற்ற இருவருக்கும் தோன்றவில்லை.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்பீர்கள். தலைமை நர்ஸ் பிரமிளா அன்று காலையில்தான் வேறொருத்தியை இதே காரியத்துக்காக வார்டே அதிரும்படி திட்டியிருந்தார். “இனி எவளாவது கட்டில் மாறுனது தெரிஞ்சுது, தூக்கி வராந்தால போட்டுருவேன்!”

தையலோடு வராந்தாத் தரையில் படுக்க முடியுமா? செல்லக்கனி சண்முகவடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “யக்கா, யாரு கேட்டாலும் நான்தான் நீ, நீதான் நான். வாயத் தொறந்திராத. ஒம் மக மேல சத்தியம் பண்ணு.”

சண்முகவடிவின் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். அந்தச் சத்தியம் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் செல்லக்கனியின் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்காமல் கையில் அடித்துக் கொடுத்துவிட்டாள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் நர்ஸ் ரோஸ்லின் ஒரு ரத்தப் பையோடு வந்தாள். விடுப்பு முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியவள். வார்டில் எந்த முகமும் பழக்கமில்லை. பையிலிருந்த பெயரையும் எண்ணையும் பதினொன்றாம் கட்டில் சீட்டோடு இரண்டு முறை ஒத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. படுத்திருந்தவளிடம், “சண்முகவடிவுதானே?” என்று கேட்டாள்.

செல்லக்கனி தலையை ஆட்டினாள்.

ரோஸ்லின் பையை மாட்டி, குழாயின் நுனிவரை ரத்தத்தை இறக்கினாள். செல்லக்கனியின் கையில் ஏற்கெனவே இருந்த ஊசியில் அதைச் சொருக வேண்டியதுதான் பாக்கி.

“சிஸ்டர்... எனக்கு எதுக்கு ரத்தம்?”

“காலைலயே டாக்டர் சொன்னாங்கல்லா? ஒங்களுக்கு ரத்தம் ரொம்பக் கொறஞ்சிருக்கு. பயப்படாதீங்க.”

பயப்படாதீங்களாம்! உண்மையைச் சொன்னால் வராந்தா. சொல்லாவிட்டால் யாருக்கோ வந்த ரத்தம். பாவம், அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் சண்முகவடிவு எழுந்து உட்கார்ந்தாள். காலையில் டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார்: பொருத்தம் பார்த்துத்தான் ரத்தம் ஏற்ற வேண்டும், ஆள் மாறினால் உயிருக்கே ஆபத்து. வாயைத் திறந்தால் மகளின் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ. திறக்காவிட்டால் இவள் கதி என்ன. குழாயின் நுனி செல்லக்கனியின் கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

“மாட்டாதீங்க! அவ நானில்ல! நாந்தான் சண்முகவடிவு!”

ரோஸ்லினின் கை அப்படியே நின்றது. இரண்டு சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தாள். இருவருக்கும் வேறு வேறு வகை ரத்தம். குழாயை மூடி, பையைக் கழற்றினாள்.

விசாரிக்க வந்த பிரமிளாவிடம் செல்லக்கனி அழுதாள். “எதுக்குன்னு நான் கேட்டம்லா? அதுக்கு மேல என்ன செய்ய?” ரோஸ்லின் சொன்னாள்: “ரெண்டு தடவ பாத்தேன், பேரும் கேட்டேன். தலைய ஆட்டுனா நான் என்ன செய்யட்டும்?” சண்முகவடிவு யாரையும் பார்க்கவில்லை. “எம் மக மேல வச்ச சத்தியத்த மீறிட்டேன்” என்று மட்டும் சொன்னாள்.

கேட்டவள் ஒருத்தி, சரிபார்த்தவள் ஒருத்தி, சத்தியத்தை மீறியவள் ஒருத்தி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சண்முகவடிவு செய்ததுதான் சரி. ஓர் உயிரைக் காவு கேட்கும் சத்தியத்துக்கு யாரும் கட்டுப்பட வேண்டியதில்லை. எதற்கு என்று கேட்பது நோயாளியின் உரிமை, செல்லக்கனி கேட்டாள். தன் பெயரை உள்ளபடி சொல்வது நோயாளியின் பொறுப்பு. அதைத்தான் அவள் செய்யவில்லை. ரோஸ்லின் “உங்க பேரு என்ன?” என்று கேட்டிருக்க வேண்டும். பெயரையும் தானே சொல்லிக் கேட்டால், பயந்தவள் தலையைத்தான் ஆட்டுவாள். அந்தப் பயத்தை வார்டுக்குள் கொண்டுவந்தது யார் என்று பிரமிளா விசாரிக்கவில்லை. ஆனால் மறுநாள், “கட்டில் மாறணும்னா எங்கிட்ட சொல்லுங்க, சீட்டையும் சேத்து மாத்துவோம்” என்றார், வழக்கத்தைவிடத் தணிந்த குரலில். சண்முகவடிவுக்கு அவளுடைய ரத்தம் ஒழுங்காக ஏறியது. அது ஏறி முடிவதற்குள் மகளுக்கு மூன்று முறை போன் போட்டுவிட்டாள். “புள்ள அசையுதுன்னு எத்தன தடவதாம்மா சொல்ல? ஒனக்கு என்னதான் ஆச்சு?” என்றாள் மகள். “ஒண்ணுமில்ல, இன்னொரு தடவ சொல்லு” என்றாள் அவள்.