குழந்தைவேலுவின் கையெழுத்து

"அம்மா, என் கையோட என் எழுத்தும் போயிடுச்சு" என்றான் குழந்தைவேலு.

ஆற்றங்கரை மடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த செங்கமலம் நிமிர்ந்து பார்த்தாள். மடத்துக்கு அவள்தான் குரு. அவனைவிடப் பத்து வயது இளையவள். அதனால் என்ன, ஊரே அவளை அம்மா என்றுதான் கூப்பிடும்.

அவனுக்கு வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. மூன்று மாதத்துக்கு முன் மரம் அறுக்கும் மில்லில் போய்விட்டது.

"எழுத்துக்கு இப்ப என்ன அவசரம், அண்ணே?"

மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான். விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் வடிவு எழுதியது. ஒன்பது வயது, தாயில்லாப் பிள்ளை. கை போன விஷயத்தை அவளிடம் மறைத்துவிட்டான். வாராவாரம் போடுகிற கடிதத்தைப் பக்கத்து வீட்டு வாத்தியாரை விட்டு எழுத வைத்தான். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்ததாக நினைப்பு.

வடிவு இரண்டே வரி எழுதியிருந்தாள்.

'இது எங்க அப்பா எழுதினது இல்ல. எங்க அப்பாவுக்கு என்ன ஆச்சு?'

"நான் செத்தே போயிட்டேன்னு நெனச்சிருக்கும்மா. யார்கிட்டயும் பேச மாட்டேங்குதாம்."

"நேர்ல போய் நில்லுங்களேன்."

"இந்தக் கையோடயா? புள்ள பயந்துடும்." கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டான்.

"இடது கை இருக்கே?"

"அதுக்குச் சோறு பிசையவே தெரியல. எழுத்தெல்லாம் போன கையிலதான் இருந்துச்சு."

செங்கமலம் கீரையை ஒதுக்கி வைத்தாள். அவனை ஆற்று மணலுக்குக் கூட்டிப் போனாள்.

"மக பேரை எழுதுங்க. காலால."

"ஐயையோ! எழுத்து சரஸ்வதிம்மா. தெரியாம மிதிச்சாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறவன் நான். அதுவும் புள்ள பேரையா?"

"சரஸ்வதிகிட்ட நான் பேசிக்கிறேன். எழுதுங்க."

"வராதும்மா. இந்தக் காலு ஒரு நாளும் எழுதினதில்ல."

"வாய் மட்டும் நல்லா வருது. எழுதுங்க, அண்ணே."

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கால் பெருவிரலை மணலில் ஊன்றினான். வ... டி... வு. கோணல்மாணல். முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தான்.

'டி'யின் கொக்கி மேலே ஏறி, பின்னால் வளைந்து, 'வ'வுக்கும் சேர்த்துக் குடை பிடித்திருந்தது.

பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் போடுகிற கொக்கி. அடி வாங்கியும் விடாத கொக்கி. ஊரில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. காலுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதான். செங்கமலம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அழுது முடித்துவிட்டு, பெயரை இடது கையால் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டான். அதே கையில் அவள் ஒரு பென்சிலைக் கொடுத்தாள்.

முதல் நாள் பென்சில் முனை ஒடிந்தது. இரண்டாம் நாள் காகிதம் கிழிந்தது.

"பாழாப்போன கை!" என்று கத்தினான்.

"பாவம், புதுசு. திட்டாதீங்க. போய்த் தூங்குங்க, மிச்சத்தை அது தூக்கத்துல கத்துக்கும்."

ஐந்தாம் நாள் மூன்று வரி தேறியது. ஒவ்வொரு எழுத்தும் நடுங்கியது. இருந்தாலும் தபாலில் போட்டான்.

பதில் வந்தது. பிரிக்கத் தைரியமில்லாமல் மடத்துக்கு ஓடி வந்தான். செங்கமலம்தான் படித்தாள்.

'அப்பா, நீங்கதான்! பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. ஆனா எழுத்து ஏன் இப்படி ஆடுது? பஸ்ல உக்காந்து எழுதினீங்களா? அப்ப என்னைப் பாக்கத்தான் வந்துக்கிட்டு இருக்கீங்களா?'

குழந்தைவேலு துண்டை விலக்கி மொட்டைக் கையைப் பார்த்தான்.

"பயந்துடுமாம்மா?"

"நாலரைக்கு ஒரு பஸ் இருக்கு, அண்ணே" என்றாள் செங்கமலம்.