சுண்ணாம்புக் கோடு

கரை மறந்துபோகும் தூரத்தில் ஒரு தீவு. அதில் ஒரு மலை. அதைவிட உயரம் தீவில் வேறில்லை என்பது ஊரின் பெருமை. சொல்லிக்கொள்ள வேறு பெருமை அந்த ஊருக்குக் கிடையாது.

வருஷத்துக்கு ஒருமுறை ஆண்கள் உச்சிக்குப் போய்ப் புதுக்கொடி கட்டிப் பொழுது சாயும்வரை பூசை போடுவார்கள். பாதி மலையில் ஒரு பாறை, பாறைமேல் சுண்ணாம்பால் ஒரு கோடு. அரிசி, பானை, விறகு, தண்ணீர் எல்லாவற்றையும் அதுவரை பெண்கள் சுமப்பார்கள். அங்கேயே உட்கார்ந்து கஞ்சி காய்ச்சுவார்கள். இறங்கி வருகிறவர்களுக்குப் பசிக்கும் அல்லவா.

பெண் கால் கோட்டைத் தாண்டினால் மீனெல்லாம் தீவை விட்டுப் போய்விடுமாம். மீனிடம் யாரும் கேட்டதில்லை.

அமிர்தவல்லி கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்தக் கஞ்சியைக் கிண்டுகிறாள். இப்போது தலை நரைத்துவிட்டது. முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அடுத்த வருஷம் பாறைவரைகூட வரமுடியுமோ என்னவோ. சாவதற்குள் ஒருமுறை உச்சியில் நிற்கவேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

அந்த வருஷம் கோட்டின் முன்னால் நின்று ஊர்ப் பெரியவர் வைரவனிடம் கேட்டே விட்டாள். நடக்கமுடியாத தன் புருஷனையே போன வருஷம் தூளி கட்டித் தூக்கிப்போனீர்களே என்றாள். பூசைக்கு வெட்டும் கிடாகூட உச்சிக்குப் போகிறதே என்றாள்.

"கிடா போகலாம், நான் போகக்கூடாதா?"

"கிடா திரும்பி வராது, அமிர்தம். உனக்கும் அது சம்மதமா?"

ஆண்கள் சிரித்தார்கள். அடுப்பைச் சுற்றியிருந்த பெண்களும் சிரித்தார்கள். அதுதான் அவளைச் சுட்டது.

அகப்பையைப் பானையிலேயே விட்டுவிட்டு, அடிவாரத்தில் இருந்த தன் குரு நீலாயியின் குடிசைக்கு இறங்கினாள். நீலாயி அவளைவிட இளையவள். சிஷ்யை குருவை அம்மா என்பாள், குரு சிஷ்யையை அக்கா என்பாள். ஊர் அதற்கும் சிரித்தாகிவிட்டது.

நீலாயி அவித்த கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் உச்சிக்குப் போக வழி இருக்கா?"

நீலாயி மிச்சக் கிழங்கை மடியில் கட்டிக்கொண்டு எழுந்தாள். பாறைப் பக்கம் போகவில்லை. மலையைச் சுற்றிக்கொண்டு, காற்றடிக்கும் பின்புறம் நடந்தாள்.

அங்கே இன்னொரு மேடு, முன்மலையின் முதுகுக்குப் பின்னால். ஊரிலிருந்து பார்த்தால் கண்ணில் படாது. அதன் அடியில் பெண்கள் சுள்ளி பொறுக்குவார்கள். அதற்கு ஒரு பெயர்கூட யாரும் வைக்கவில்லை.

அமிர்தவல்லிக்கு எரிச்சலாக இருந்தது. கேட்டது உச்சி, காட்டுவது சுள்ளிக்காடா என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள். குழந்தைக்குப் பொம்மை கொடுத்துச் சமாதானம் செய்கிற மாதிரி என்றாள். நீலாயி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாறை வழுக்கிய இடங்களில் மட்டும் கை கொடுத்தாள்.

சுள்ளிக்கு வருகிறவர்கள் திரும்பும் இடமும் பின்னால் போயிற்று. முட்புதர் சேலையைக் கிழித்தது. முழங்கால் கெஞ்சியது. பிறகு மேகத்துக்குள் நடந்தார்கள், எதுவும் தெரியவில்லை. ஏறுவதற்கு இனி இடமில்லை என்று கால்தான் சொல்லிற்று.

காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. மேகம் விலகியது.

எதிரே, கீழே, புதுக்கொடி பறந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி எறும்புபோல ஆண்கள். கொடியின் நுனிக்கு மேலேயும் கடல் தெரிந்தது.

அமிர்தவல்லி வெகுநேரம் பார்த்தாள்.

"கொடி நமக்குக் கீழே இருக்கு."

"ஆமா."

"அப்போ தீவிலேயே உயரம் இதுதானா?"

"இதுதான்."

"அவங்களுக்குத் தெரியாதா?"

"உச்சிக்குப் போனதும் கொடியைப் பார்ப்பாங்க. அப்புறம் கீழே ஊரு நம்மளப் பார்க்குதான்னு பார்ப்பாங்க. பின்னால யாரு திரும்பினா? திரும்பினாலும் இங்கே மேகம்."

அமிர்தவல்லி சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். வைரவனின் தலைப்பாகை எது என்று தேடிப்பார்த்து மறுபடி சிரித்தாள். இருவரும் உட்கார்ந்து கிழங்கைத் தின்றார்கள். தின்று முடிப்பதற்குள் அவள் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

நீலாயி கேட்டாள்: "உச்சியில நின்னாச்சு. மனசு ஆறுச்சா, அக்கா?"

ஆறியது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"இல்லம்மா."

நீலாயி மடியிலிருந்த தோலை உதறிவிட்டு எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கொடி பறக்கும் மலையைக் கை நீட்டிக் காட்டினாள்.

"வாங்க. அவங்க இறங்கிடறதுக்குள்ள அங்கே போகணும்."

"அது இதைவிடச் சின்ன மலையாச்சே, அம்மா. அதுல ஏறி என்ன ஆகப்போகுது?"

"மலை சின்னதுதான், அக்கா. கோடு பெருசு."