வேலாயி கேட்காமல் விட்ட கேள்வி

அந்தக் காலத்தில் என்று தொடங்கினால் காடும் மலையும் பேசும் மிருகங்களும் உங்கள் கண்முன் வந்து நிற்கும். கொஞ்சம் பொறுங்கள். இது அதற்கெல்லாம் ரொம்ப முந்திய காலம். காடு கிடையாது, மலை கிடையாது, சூரியனே இன்னும் பிறக்கவில்லை. எங்கு பார்த்தாலும் ஒரே கொதிப்பு, ஒரே வெளிச்சம், ஒரே நெரிசல். வாய் உள்ள சீவன் ஒன்றுகூட இல்லாத அந்தக் காலத்தில் துகள்கள்தான் பேசிக்கொண்டிருந்தன.

அந்த நெரிசலில் நியூட்ரான் இனத்தைச் சேர்ந்த இரண்டு பேர் அக்கா தங்கையாகப் பழகினார்கள். அக்கா சிலம்பாயி, தங்கை வேலாயி. கூடப் பிறந்தவர்களா என்றால் அதெல்லாம் தெரியாது. முட்டி மோதிய கூட்டத்தில் பக்கம் பக்கமாக நின்றார்கள், பேச்சுப் பிடித்துப்போயிற்று, உறவும் ஒட்டிக்கொண்டது.

நியூட்ரான்களுக்கு ஒரு பெருமை உண்டு. புரோட்டான்களைவிட அவர்கள் எடை ஒரு துளி கூடுதல். ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் துளியை மடியில் முடிந்துகொண்டு அவர்கள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். புரோட்டான்கள் பாடு வேறு. அவர்கள் எல்லோருக்கும் நேர் மின்னூட்டம். ஒருத்தி அருகே இன்னொருத்தி வந்தால் இருவரும் ஒருவரையொருவர் தள்ளிவிடுவார்கள். மின்னூட்டமே இல்லாத நியூட்ரானுக்கு அந்த வம்பு கிடையாது. "பாவம்டி, அதுகளால ஒண்ணா ஒக்காந்து நாலு வார்த்தை பேச முடியல" என்பாள் சிலம்பாயி. வேலாயி சிரிப்பாள்.

வெக்கை உச்சத்தில் இருந்தபோது நியூட்ரான் புரோட்டானாக மாறும், புரோட்டான் நியூட்ரானாக மாறும். பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வருவதுபோல இது நடந்துகொண்டே இருந்ததால், போனவளுக்காக யாரும் அழவில்லை. திரும்பி வந்தவள் போனவள்தானா என்று கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு வெளி விரிந்தது. விரிய விரிய வெக்கை தணிந்தது. அப்போது யாரும் கவனிக்காமல் ஒரு காரியம் நடந்துவிட்டது. புரோட்டானாகப் போனவள் நியூட்ரானாகத் திரும்பி வரும் வழி அடைபட்டுப்போனது. எடை குறைந்தவள் எடை கூடியவளாக வேண்டுமென்றால் அந்தக் கூடுதலை எங்கிருந்தாவது வாங்கியாக வேண்டும். கொடுக்கும் அளவுக்கு இப்போது வெக்கை இல்லை. போகும் வழி மட்டும் திறந்தே கிடந்தது.

"இந்த நெரிசல் கொஞ்சம் கொறையட்டும் வேலாயி, நாம ரெண்டு பேரும்" என்று சிலம்பாயி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லி முடிக்கவில்லை. உடைந்துபோனாள்.

அவள் மடியில் இருந்த கூடுதல் எடை ஓர் எலெக்ட்ரானாகவும் ஓர் எதிர்நியூட்ரினோவாகவும் மாறிப் பறந்தது. அவை இரண்டும் அதுவரை அவளுக்குள் ஒளிந்திருந்தன என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கணத்தில்தான் அவை பிறந்தன. எலெக்ட்ரான் கூட்டத்தில் கலந்தது. எதிர்நியூட்ரினோ ஒருவரையும் ஏறெடுத்துப் பார்க்காமல், எதிலும் முட்டாமல் போய்க்கொண்டே இருந்தது. அந்த இனத்தின் குணம் அது. சிலம்பாயி நின்ற இடத்தில் ஒரு புரோட்டான் நின்றாள்.

"அக்கா" என்றாள் வேலாயி.

"யாரக் கூப்புடுற?"

"ஒன்னத்தான். நான் வேலாயி. தெரியலயா?"

"தெரியலயேம்மா" என்றாள் அந்தப் புரோட்டான். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரியவில்லை. அதற்குள் பின்னால் வந்த கூட்டம் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

பழைய வழக்கப்படி அக்கா திரும்பி வருவாள் என்று வேலாயி காத்திருந்தாள். வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. உலகத்தில் ஒருத்தி திரும்பி வரமாட்டாள் என்று தெரிந்து வந்த முதல் அழுகை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அழுது முடித்துத் தேடக் கிளம்பினாள். இங்கேதான் வேலாயி தப்புக் கணக்குப் போட்டாள். புரோட்டான்களில் ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் ஒரு மச்சம் அளவுக்குக்கூட வித்தியாசம் கிடையாது. அதே எடை, அதே மின்னூட்டம், அதே சுழற்சி. கூர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்ற பேச்சுக்கே இடமில்லை. பார்த்துக் கண்டுபிடிக்க அங்கே எதுவுமே வைக்கப்படவில்லை. இது வேலாயிக்கும் தெரியும். தெரிந்தும் எதிரில் வந்த ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, "நீ முன்னாடி சிலம்பாயியா இருந்தியா?" என்று கேட்டாள்.

"எனக்கு எப்படித் தாயி தெரியும்?" என்பார்கள். பலபேர் அதோடு விடாமல் கையையும் நீட்டுவார்கள். தங்கள் இனத்தில் யாரையும் அண்ட முடியாதவர்களுக்கு, தள்ளிவிடாத ஒருத்தி எதிரே வந்து நின்று பேசினால் ஆசையாக இராதா?

"அக்காவா இருந்தாத்தான் கையக் குடுப்பேன்" என்று வேலாயி நகர்ந்துவிடுவாள்.

இப்படியே பொழுது போனது. அவளைச் சுற்றி நியூட்ரான்கள் ஒவ்வொருத்தியாக உடைந்துகொண்டிருந்தார்கள். மூத்தவள் முதலில், இளையவள் பிறகு என்ற முறையெல்லாம் இல்லை. யாருக்கு எப்போது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. சிரித்துக்கொண்டிருந்தவள் போனாள், தூரத்திலிருந்து கையசைத்தவள் போனாள். தன் எடையை நினைத்து வேலாயிக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

அந்த நேரத்தில் ஒரு புரோட்டான் அவளுக்கு எதிரே வந்தாள். வழக்கமான கேள்வியை வேலாயி கேட்டாள்.

"இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றாள் அவள். "அதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொன்ன எல்லாரையும் விட்டுட்டு வந்தியாமே, அதுல ஒருத்தி ஒங்க அக்காவா இருந்திருந்தா?"

வேலாயி அப்படி யோசித்ததே இல்லை.

"நீ ஒடையாம இருக்கணும்னா ஒரு வழி இருக்கு" என்று அந்தப் புரோட்டான் மெதுவாகத் தொடர்ந்தாள். "மேலோட மேல் ஒரசுற அளவுக்குப் பக்கத்துல வந்தா நமக்குள்ள ஒரு பிடி விழும். தள்ளி நின்னா அது எட்டாது. எட்டிருச்சுன்னா அத மிஞ்சின பிடி எங்கயும் கெடையாது. ஆனா சேரும்போது ரெண்டு பேரும் கொஞ்சம் எடைய விட்டுக் குடுக்கணும். அது ஒளியாப் போயிரும்."

"அது போச்சுன்னா எனக்கும் ஒனக்கும் என்ன வித்தியாசம்? நான் நியூட்ரான்னு சொல்லிக்க என்ன மிச்சம் இருக்கும்?"

"அதுதானடி ஒங்காளுகள ஒடைக்குது. அத வச்சுக்கிட்டா நீ ஒடைவ. குடுத்துட்டா, ஒடையறதுக்கு ஒங்கிட்ட எதுவும் இருக்காது."

வேலாயி நெருங்கிப் போனாள். பிடி விழுந்தது. மடியில் இருந்த கனம் ஒளித்துகளாகக் கிளம்பி ஓடியது. உடம்பு லேசாயிற்று. அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் எங்கிருந்தோ வேறு ஓர் ஒளித்துகள் பாய்ந்து வந்து நடுவில் மோதியது. பிடி தெறித்தது. கொடுத்த கனமெல்லாம் திரும்ப வந்து மடியில் விழுந்தது. புரோட்டான் ஒரு பக்கம், வேலாயி ஒரு பக்கம்.

"கண்ணு தெரியலயா ஒனக்கு?" என்று வேலாயி அந்த ஒளித்துகளைத் திட்டினாள்.

"எங்க மேல கோவிச்சு என்ன பண்றது? எங்களுக்கு ஓடத்தான் தெரியும், நிக்கத் தெரியாது" என்று ஓடிக்கொண்டே சொன்னது அது. "ஒங்கள்ல ஒருத்தருக்கு நாங்க கோடிக்கணக்குல இருக்கோம். யாரு குறுக்க வந்தாலும் மோதத்தான் செய்வோம். ஆனா பாரு, வெளி விரியுதுல்ல, எங்களையும் சேத்து இழுத்து நீட்டுது. நீள நீள எங்க வேகாளமும் வலுவும் கொறையுது. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்க."

ஒளி பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது, மடியில் இருக்கும் கனம் பொறுக்காது. இரண்டுக்கும் நடுவில் வேலாயி தவித்தாள். திரும்பத் திரும்ப யாராவது ஒரு புரோட்டானின் பக்கத்தில் ஒட்டினாள். திரும்பத் திரும்ப ஒளி வந்து பிரித்தது. பிரியும்போதெல்லாம் கூட்டம் நடுவில் புகுந்தது. நேர்மையாகப் பேசிய அந்தப் புரோட்டானும் எங்கோ கலந்துவிட்டாள். அடுத்துக் கிடைத்தவள் அவளா, வேறொருத்தியா என்று சொல்ல வழியில்லை. கூடத் திரிந்த நியூட்ரான்களில் இன்னும் சிலபேர் உடைந்துபோனார்கள்.

கடைசியில் ஒரு புரோட்டான் அவள் எதிரே வந்து நின்றாள். அக்காவாக இருக்கலாம். அந்த நேர்மைக்காரியாக இருக்கலாம். இருவரும் ஒருத்தியாகவே இருக்கலாம். யாரோ எவளோவாகவும் இருக்கலாம். வேலாயியின் வாய் வரைக்கும் அந்தக் கேள்வி வந்துவிட்டது.

கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

பிடி விழுந்தது. கனம் ஒளியாகக் கிளம்பிப் போயிற்று. இரண்டு பேரும் ஒடுங்கிக்கொண்டு அடுத்த மோதலுக்குக் காத்திருந்தார்கள். ஓர் ஒளித்துகள் வந்து மோதியது. ஒரு குலுக்கல்தான், பிடி அசையவில்லை. இன்னொன்று வந்து மோதியது. அதற்கும் அசையவில்லை. வெளி போதுமான அளவு விரிந்துவிட்டது. ஒளிக்குப் பிரிக்கிற வலு போய்விட்டது.

நெடுநேரம் கழித்துப் புரோட்டான் கேட்டாள். "எல்லார்ட்டயும் என்னவோ கேட்டியாமே. எங்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா தெரியாதும்ப."

"ஆமா. தெரியாதுதான்."

"அதான் கேக்கல" என்றாள் வேலாயி. பிறகு, "ஒன்ன அக்கான்னு கூப்புடட்டுமா?" என்றாள்.

"கூப்புடேன். எனக்கும் யாரு இருக்கா?"

தப்பிப் பிழைத்த மற்ற நியூட்ரான்களும் இதேபோலக் கை கோத்தார்கள். பெரும்பாலான சோடிகள் மேலும் சேர்ந்து நாலு நாலு பேராகி ஹீலியம் என்று பெயர் வாங்கினார்கள். இந்த இரண்டு பேருக்கு மட்டும் வேறு சோடி கிடைப்பதற்குள் வெளி விரிந்து கூட்டம் கலைந்துவிட்டது. நெரிசல் குறைந்த அந்த அமைதியில், அக்கா பாதியில் விட்ட வாக்கியத்தின் மீதி இதுதானோ என்று வேலாயி நினைத்துக்கொண்டாள். ரொம்பக் காலம் கழித்து ஓர் எலெக்ட்ரான் வந்து அவர்களைச் சுற்றிக் குடியேறியது. சிலம்பாயி உடைந்தபோது பிறந்த எலெக்ட்ரானா அது? எலெக்ட்ரான்களுக்கும் அடையாளம் கிடையாது. வேலாயி அதையும் கேட்கவில்லை.

அவர்களைக் கனத்த ஹைட்ரஜன் என்கிறோம். விண்மீன்கள் பிறந்து அணைந்தன, ஆக்சிஜன் உண்டாயிற்று, அதோடு இவர்கள் சேர்ந்து தண்ணீரானார்கள். சில ஆயிரம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில் எல்லாத் தண்ணீரிலும் அப்படிப்பட்ட சோடிகள் இருக்கிறார்கள். நீங்கள் குடிக்கும் ஒரு மடக்குக்குள் எண்ணித் தீராத வேலாயிகள், விட்ட கையை மறுபடி பிடித்தவர்கள், அந்த முதல் நெரிசலில் பிடித்த பிடியை இன்னும் விடாமல் இருக்கிறார்கள்.

அன்று முதல்தான், தனியே நிற்கும் நியூட்ரான் சராசரியாகக் கால் மணி நேரத்தில் உடைந்துபோகிறது. பொருந்திய கை கிடைத்த நியூட்ரானோ, அது யார் கை என்று கேட்காமல் இறுகப் பிடித்துக்கொண்டு உலகம் உள்ளவரை வாழ்கிறது.